முதல் கார்டுக்கு வைத்த பொட்டு

ஒரு கடுகளவு குங்குமம் ஒருவனுடைய கையைப் பறிக்கும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்தக் குங்குமத்தை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதன் மேல் கோட்டிங் அடித்து மூடியது யார் என்றும் தெரியும். அது நான்தான். கோப்பில் மட்டும் வேறொருத்தியின் பெயர் இருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் கம்பெனியில் அந்தப் பழமொழியைப் பதினெட்டுப் பேர் சேர்ந்து உழைத்து உண்மையாக்கினோம்.

என் பெயர் அறிவுச்செல்வன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாக மனை போட்ட தெருக்களில் ஒன்றில் எங்கள் கம்பெனி இருக்கிறது. கீழே டைல்ஸ் கடை, மேலே நாங்கள். தெருவில் போகிறவர்கள் நாங்கள் எல்.இ.டி. பல்பு செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் செய்வது ராணுவ டாங்கிக்குள் போகும் எலக்ட்ரானிக் கார்டு. சென்னையில் ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் வாங்கி, தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ராணுவத்துக்குக் கொடுக்கிறது.

டாங்கியில் இப்போது குறி பிடிப்பது வெறும் மனிதக் கண் இல்லை. லேசர் தூரத்தை அளக்கிறது. கம்ப்யூட்டர் ஒன்று காற்றையும் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பீரங்கிக் குழாயை ஏற்றி இறக்கி இலக்கிலேயே பிடித்து வைக்கிறது. வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் குதித்தாலும் குழாய் குறியை விடாது. வெளியிலிருந்து பார்க்க அழகுதான். உள்ளே இருப்பவனுக்கு அந்தக் குழாயின் பின்பாகம் டன் கணக்கில் இரும்பாக ஏறி இறங்கும். அதன் பக்கத்தில் நின்று ஒருவன் கையால் குண்டு போட வேண்டும். அவன் கை உள்ளே இருக்கும்போது அது அசையக் கூடாது. குண்டைப் போட்டு, கையை எடுத்து, ஒரு சுவிட்சை அழுத்திய பிறகுதான் அசையலாம். கையை எடுத்துவிட்டேன் என்ற அந்த ஒரே ஒரு சேதியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் எங்கள் கார்டின் வேலை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இன்டர்லாக் கார்டு என்று பெயர்.

திரௌபதியக்கா எங்கள் இன்ஸ்பெக்டர். சால்டரிங் செய்த ஒவ்வொரு இடத்தையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, சரியாக இருந்தால் கார்டின் ஓரத்தில் தன் முத்திரையைக் குத்துகிறவள். மிளகு அளவு வட்டம், அதற்குள் பதினொன்று என்ற எண். அந்த முத்திரை கம்பெனியுடையது இல்லை, அவளுடையது. பரீட்சை எழுதி வாங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் எழுதிக் காப்பாற்றி வருவது. கார்டு உலகத்தின் எந்த மூலைக்குப் போய் என்ன ஆனாலும், அந்தப் பதினொன்றைப் பார்த்து இவள்தான் என்று சொல்லிவிடலாம். அதனால் அவள் அதைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டே திரிவாள். அவள் புருஷன் செத்து ஆறு வருடம் ஆகிறது. அடி அண்ணாமலையில் வீடு. பிளஸ் டூ படிக்கும் மகள் ஒருத்தி. அந்த முத்திரைதான் அந்த வீட்டுக்கு ஆம்பிள்ளை என்று அவளே ஒரு நாள் சொன்னாள்.

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது. கார்டைக் கழுவி, ஈரமும் தூசியும் ஏறாதபடி அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங் அடிப்பது என் வேலை. தப்பு இருக்கும் இடத்தில் இன்ஸ்பெக்டர் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒரு முறை நான் அடித்த ஒரே கார்டில் திரௌபதியக்கா ஒன்பது அம்பு ஒட்டி, எல்லோர் முன்பும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த அருணாதேவியும் அந்தச் சிரிப்பில் இருந்தாள். அந்த ஒன்பதும் தப்புதான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முதல் லாட் தயாரானது. இருபத்து நான்கு கார்டு. எல்லாவற்றையும் பார்த்து முத்திரை குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள் திரௌபதியக்கா. மறுநாள் காலை கம்பெனி முழுக்க மாவிலைத் தோரணமும் வாழைக்கன்றும். முதலாளி பலராமன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். கூடவே அவர் மனைவி ராஜம்மாள், கையில் பித்தளைத் தட்டோடு.

"சாவி குடும்மா," என்றார் பலராமன். "மொத கார்டை சாமி முன்னாடி வெக்கணும்."

திரௌபதியக்கா சாவியை எடுத்தாள், ஆனால் உடனே நீட்டவில்லை.

"சார், கார்டு வேணாம் சார். இன்னும் கோட்டிங் அடிக்கல. குங்குமம்னா மஞ்சளும் சுண்ணாம்பும்தான். உள்ள போயிட்டா ஈரத்துல கரன்ட் கடத்தும். டப்பா மூடிக்கு வெச்சுக்கலாம் சார்."

"இன்னாம்மா, சாமிக்குத் தெரியாத கரன்டா உன் கார்டுல ஓடுது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கச் சொன்னால் சிரிப்பதும் எங்கள் வேலையில் சேர்த்திதான்.

சாவி கைமாறியது. முதல் கார்டு சரஸ்வதி படத்துக்கு முன்னால், பொரிக்கும் சுண்டலுக்கும் நடுவில் உட்கார்ந்தது. ராஜம்மாள் தட்டை எடுத்தாள். எடுத்தவள், திரௌபதியக்கா நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா," என்றாள். குரலில் தேன்தான். "பொட்டு வெக்கற நேரம். நீ கொஞ்சம் வெளிய இரு."

திரௌபதியக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பழகியிருந்தாள். போன வருடமும் அப்படித்தான், அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டாள். உள்ளே கல்யாணமாகி மூன்றே மாதமான என் அருணாதேவி தட்டை ஏந்திக்கொண்டு கூடவே நடக்க, ராஜம்மாள் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள். சால்டரிங் ஸ்டேஷனுக்கு, மைக்ரோஸ்கோப்புக்கு, என் ஸ்பிரே கேபினுக்கு. கடைசியாக, முதல் கார்டுக்கு. சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம், ஒயர் செருகும் கனெக்டரின் நெற்றியில். நெற்றி இல்லாத சாமானுக்கும் நெற்றியைக் கண்டுபிடிப்பதில் எங்கள் ஊர்ப் பெண்களை மிஞ்ச ஆள் கிடையாது.

பூஜை முடிந்ததும் பொரியைப் பேப்பரில் கட்டி, ஜெனரேட்டர் பக்கம் போய் அக்காவிடம் கொடுத்தேன். "கார்டைத் தனியா எடுத்து வைடா தம்பி, நான் நாளன்னிக்கு வந்து பாக்கறேன்," என்றாள். சரிக்கா என்றேன். அந்த நேரம் வரைக்கும் நான் நல்லவன்தான்.

லீவு முடிந்து கோட்டிங் நாள் வந்தது. சென்னையிலிருந்து வண்டி வந்து கீழே டைல்ஸ் கடை வாசலில் நின்றது. முதல் கார்டைப் பார்த்தேன். யாரோ வேட்டித் தலைப்பால் துடைத்திருந்தார்கள். மேலே சுத்தம்தான். கனெக்டருக்கு அடியில், இரண்டு பின்னுக்கு நடுவில், சிவப்பாக ஒரு துணுக்கு தெரிந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சை விட்டுப் பார்த்தேன், அது அந்த இடத்துக்குப் போகவில்லை. சரியாகச் செய்வதென்றால் கனெக்டரைக் கழற்றி, கழுவி, காயவைத்து, மறுபடி போட்டு, மறுபடி அக்காவிடம் காட்ட வேண்டும். ஒரு நாள் போய்விடும்.

பின்னால் பலராமன் வந்து நின்றார்.

"சார், கொஞ்சம் குங்குமம் நிக்குது."

"சாமி பொட்டுடா. முழுசா அழிச்சுட்டா நல்லா இருக்காது. இருக்கட்டும், காப்பாத்தும். வண்டிக்காரன் கத்திக்கினு இருக்கறான், சீக்கிரம் அடி."

அடித்தேன். முதலாளிக்குப் பயந்து என்று சொன்னால் அது பாதிதான். பொட்டை வழித்து எறிய எனக்கே மனசு வரவில்லை. அருணாதேவி தட்டு ஏந்தி வைத்த பொட்டு. அதற்கும் மேல், ஒன்பது அம்பு ஒட்டியவளிடம் இன்னொரு முறை கார்டைக் கொண்டுபோய் நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கோட்டிங் காய்ந்ததும் அந்தச் சிவப்பு, ஜவ்வு மிட்டாய்க்குள் மாட்டிய எறும்பு மாதிரி பத்திரமாகப் படுத்துக்கொண்டது.

மத்தியானம் அக்கா கேட்டாள். "அறிவு, ஒண்ணாம் நம்பர் கார்டு என் கைக்கு வரலியே?"

"கழுவிட்டேங்க்கா. சுத்தமா போயிடுச்சு. நான் பாத்துட்டேன்."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "சரிப்பா. உன் கண்ணும் கண்ணுதானே," என்றாள். பெட்டியில் சீல் வைத்தாள். வண்டி போனது. அவள் செய்த ஒரே தப்பு அதுதான், என்னை நம்பியது.

எங்கள் டெஸ்ட்டில் சூடு உண்டு, குளிர் உண்டு, ஈரம் கிடையாது. அதனால் கார்டு எல்லா டெஸ்ட்டிலும் தேறியது. சென்னையிலும் தேறியது. மார்கழியில் வடக்கே ஒரு சுடுதளத்தில், பனி இறங்கிய காலையில், டாங்கிக்குள் ஒருவன் குண்டைப் போட்டுக்கொண்டிருந்தான். வயது இருபத்து நான்கு. அவன் சுவிட்சை அழுத்தவில்லை. கார்டுக்குள் ஈரம் ஏறிய குங்குமம் அவனுக்குப் பதிலாக அழுத்தியது. கையை எடுத்துவிட்டேன் என்று அவன் சொல்லாத சேதி கம்ப்யூட்டருக்குப் போனது. குழாய் இலக்கைத் தேடி ஏறியது, பின்பாகம் இறங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லையாம்.

மாசியில் விசாரணை அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு பலராமன் எங்களைக் கூட்டினார். திரௌபதியக்காவை மட்டும் அவளுடைய சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து வரச்சொல்லி டவுனுக்கு அனுப்பிவிட்டார். தன்னைத் தூக்கில் போடக் கயிறு வாங்கி வர அவளையே அனுப்பியது போல.

"குங்குமம்னு லேப்ல கண்டுபுடிச்சுட்டாங்க," என்றார். "மறைக்க முடியாது. யார் வெச்சாங்கன்றதுதான் கேள்வி. மொதலாளி சம்சாரம் வெச்சான்னா கம்பெனிக்குப் பூட்டு. பத்தொம்பது குடும்பமும் தெருவுக்கு வந்துடும். இன்ஸ்பெக்டரே முத்திரை குத்திட்டு, சாமி பேரைச் சொல்லி ஆசையில வெச்சுட்டான்னா, அது ஒரு ஆளோட தப்பு. பீரோ சாவி அவ கிட்டதானே இருந்தது?"

சால்டரிங்கில் இருக்கும் வள்ளிதான் மெல்லக் கேட்டாள். "சார், அவங்க தாலி அறுத்தவங்க. பொட்டு வெச்சாங்கன்னா யார் நம்புவாங்க?"

"நம்ம கம்பெனியில அதெல்லாம் பாக்கறது இல்ல," என்றார் பலராமன். "புரியுதா? நாம அந்த மாதிரி ஆளுங்க இல்ல. வருசா வருசம் அவங்களைத்தான் வெக்கச் சொல்றோம்."

அதைக் கேட்டபோது எழுந்து ஏதாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆறு வருடமாக எந்தத் தட்டைத் தொடாதே என்று வெளியே நிறுத்தினோமோ, அந்தத் தட்டை இப்போது எல்லோரும் சேர்ந்து அவள் கையில் திணிக்கிறோம். போகும்போது பலராமன் என் தோளில் கை போட்டார். "கோட்டிங் அடிச்சது யாருன்னு நான் இதுவரைக்கும் வாய தொறக்கல அறிவு," என்றார். அந்த எண்ணத்தை அதோடு விட்டுவிட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிறது என்று நினைத்தேன். போனது என் தலைப்பாகைகூட இல்லை.

விசாரணை பௌர்ணமியன்று வைத்தார்கள். அதிகாரியின் மனைவிக்குக் கிரிவலம் வர ஆசையாம். பெயர் சகாதேவன், சென்னைக்காரர், அமைதியான மனிதர். வந்ததும் எங்கள் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியில் ஒரு படத்தைக் காட்டினார். மைக்ரோஸ்கோப் படம். கோட்டிங்குக்கு அடியில் சிவப்புத் துணுக்கு, அதிலிருந்து இரண்டு பின்னுக்கும் வேர் விட்டது போல் மெல்லிய கோடுகள். ஓரத்தில் தெளிவாகப் பதினொன்று.

திரௌபதியக்கா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"நான் முத்திரை குத்தும்போது இது இல்ல சார்," என்றாள். "ஆயுத பூஜையில வெச்சது. ராஜம்மாள் அம்மா வெச்சாங்க. வேணாம்னு நான் சொன்னேன். அந்தப் புள்ளைக்கு எந்தக் கை சார் போச்சு?"

"வலது கை."

"சாப்பிடற கை," என்றாள்.

சகாதேவன் எங்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொருவராகக் கேட்டார். வள்ளி சொன்னாள், திரௌபதி அக்காதான் வெச்சாங்க என்று. அடுத்தவளும் அதையே சொன்னாள், அதற்கடுத்தவளும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் வரிசையாக வந்தது. அக்கா ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவங்க விதவைன்னு பைல்ல இருக்கே?" என்று சகாதேவன் கேட்டார்.

"நாங்க அதெல்லாம் பாக்கறது இல்ல சார்," என்றார் பலராமன். "இங்க எல்லாரும் ஒண்ணுதான்."

"நல்ல விஷயம். சென்னையிலகூட இதை நான் பாத்ததில்ல," என்றார் அதிகாரி. நிஜமாகவே பாராட்டினார். பலராமன் தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டார்.

அப்போது திரௌபதியக்கா என்னைப் பார்த்தாள். "அறிவு, அன்னிக்கு நீ எனக்குப் பொரி கொண்டாந்து குடுத்தியே. எங்க வெச்சு குடுத்த? சார்கிட்ட சொல்லு."

ஜெனரேட்டர் பக்கம் என்று ஒரு வார்த்தை. அது போதும், மற்ற பதினேழு பேரின் பொய்யும் சரிந்துவிடும். கேட்ட குரலில் கெஞ்சல் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற நிச்சயம் இருந்தது. என்னைப் பற்றி இன்னும் நல்ல அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"உள்ளதாங்க்கா," என்றேன். "சாமி முன்னாடி. நீங்கதானே பொட்டெல்லாம் வெச்சு முடிச்சுட்டு நின்னீங்க."

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. மெதுவாகத் தலையாட்டினாள். பிறகு நேராகச் சாமி அலமாரிக்குப் போனாள். அங்கே இருந்த குங்குமத் தட்டை எடுத்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக எடுத்தாள் என்பது அதிகாரியைத் தவிர அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"வருசா வருசம் நான்தானே வெக்கறேன்," என்றாள். "இன்னிக்குப் பௌர்ணமி. இன்னிக்கும் வெச்சுடறேன்."

முதலில் வள்ளியின் முன்னால் போய் நின்றாள். வள்ளியின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் நின்றாள். பொட்டை வாங்கிக்கொண்டாள். அடுத்தவளும் வாங்கிக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டு. சுமங்கலிகள் ஏழு பேர், வேலைக்காக நெற்றியைக் கொடுத்து வரிசையில் நின்றார்கள். ஒருத்தி உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். கடைசியில் அருணாதேவி. ஐந்து மாத வயிறு. இரண்டு மாதம் கழித்து வளைகாப்புக்கு நாள் பார்த்து வைத்திருந்தோம்.

அக்காவின் விரல் நெற்றியில் பட்டதும் அருணாதேவி தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். திரும்பிய வேகத்தில் விரல் நெற்றியிலிருந்து காதுவரை சிவப்பாக ஒரு கோடு இழுத்தது. "வேணாங்க்கா," என்று முனகிக்கொண்டே இரண்டு கையாலும் தாலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே உருண்டுவிட்டது. சகாதேவன் பார்த்தார். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், தாலியைப் பிடித்த கையைப் பார்த்தார், பிறகு மற்ற ஏழு நெற்றிகளையும் பார்த்தார். எல்லாம் புரிந்த மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். முடிந்தது நம் கதை என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"மாசமா இருக்குது சார்," என்றார் பலராமன். "தலை சுத்தி இருக்கும்."

சகாதேவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். கம்பெனியின் தப்பு என்று எழுதினால் எல்லா டாங்கியையும் நிறுத்த வேண்டும், மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். ஒரு பெண்ணின் தப்பு என்று எழுதினால் மாலைக்குள் முடிந்துவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அவங்களை உட்காரச் சொல்லுங்க," என்றார். பிறகு மடிக்கணினியில் ஒரே வரியாகத் தட்டிக்கொண்டே, அக்காவின் பக்கம் பார்க்காமல் சொன்னார். "உங்க முத்திரையை இங்க வெச்சுடுங்கம்மா. போலீஸ்ல இருந்து கூப்பிடுவாங்க, ஊரை விட்டு வெளிய போக வேணாம்."

திரௌபதியக்கா தட்டை அலமாரியில் வைத்தாள். கைப்பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். கைப்பையை மூடிக்கொண்டு திரும்பினாள். சாபம் விட்டிருந்தால்கூட எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. சகாதேவன் பலராமனைப் பார்த்து, "தரிசனம் எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

பௌர்ணமி என்பதால் பஸ்ஸையெல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அடி அண்ணாமலைக்கு நடந்தே போக வேண்டும் அவள். லட்சம் பேர் புண்ணியம் தேடி நடக்கிற அதே பாதையில், கொலைகாரி மாதிரிப் பெயர் எடுத்துக்கொண்டு நடந்தாள். கூட்டத்துக்குள் ஒரு நிமிடம் பச்சைப் புடவை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அருணாதேவி செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். கோடு வெளிறியது, போகவில்லை. கார்டு கழுவும் ஸ்பிரிட்டை நான் ஒரு பாட்டிலில் வீட்டில் வைத்திருந்தேன். அதை எடுத்துப் பஞ்சில் ஊற்றி நெற்றியில் வைத்துத் தேய்த்தாள். ஆ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுபடி ஊற்றினாள்.

"விடு. குங்குமந்தானே," என்றேன்.

"உங்களுக்கு இன்னா தெரியும்?" அவள் அழுதாள். "அவங்க கையால வெச்சது. இது ஒட்டுனா எனக்கு இல்ல, உங்களுக்குத்தான் ஆவாது. நீங்க போயிட்டா நானும் இந்தப் புள்ளையும் இன்னா பண்றது? அவங்கள மாதிரி ஜெனரேட்டர் கிட்ட போய் நிக்கச் சொல்றீங்களா?"

ஜெனரேட்டர் கிட்டே என்றாள். மத்தியானம் யார் வாயிலும் வராத வார்த்தை, என் வீட்டுக்குள் இவ்வளவு சுலபமாக வந்தது.

அவள் அரை மணி நேரம் தேய்த்தாள். ஒரு கார்டை எப்படிக் கழுவ வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அப்படி, ஒரே திசையில், ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு எடுத்து. தோல் வெந்து சிவந்தது. கடைசியில் என் முன்னால் வந்து உட்கார்ந்து மொபைலைக் கையில் கொடுத்தாள்.

"டார்ச் அடிச்சு நல்லா பாருங்க. கொஞ்சங்கூட இருக்கக் கூடாது."

அடித்துப் பார்த்தேன். நெற்றியில் இல்லை, கன்னத்தில் இல்லை. இடது காதுக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்புத் துணுக்கு இருந்தது. கனெக்டருக்கு அடியில் நான் பார்த்த அதே அளவு. முடியை விலக்கி, இன்னொரு பஞ்சு எடுத்தால் வந்துவிடும்.

"இருக்குதா?" என்றாள்.

"இல்ல," என்றேன். "சுத்தமா போயிடுச்சு. நான் பாத்துட்டேன்."

அவள் நம்பினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை மூடி வைத்துவிட்டு, எனக்கு டீ போட உள்ளே போனாள்.